சேற்றுக்குள் கிரவல் பறிக்கலாமா? – கேள்வி-பதில்

கேள்வி: வட்டக்கச்சியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம் ஐயா. ஒழுங்கையிலிருந்து அத்திவாரம் வரை 150 அடி. வாசலில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு வளவு முழுக்கச் சேறு. போன கிழமை கல் ஏற்றி வந்த டிப்பர் அச்சு வரை புதைந்துவிட்டது. உழவு இயந்திரம் பிடித்து இழுத்த காசும் எங்கள் தலையில்தான். "பத்து கியூப் கிரவல் (சிவப்புச் சரளை மண்) கொண்டுவந்து பறித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் டிப்பர்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம், தங்கச்சி. மழை விடட்டும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். மாங்குளத்துக்குக் கிட்ட என் வீட்டு வேலை நடந்தபோது, கார்த்திகை மாதத்தில் ஆறு கியூப் கிரவல் பறித்தேன். இரண்டு நாள் பாதை அழகாக இருந்தது. பிறகு சில்லு ஏற ஏறக் கிரவல் கீழே போனது, சேறு மேலே வந்தது. வளவு காய்ந்த பிறகு மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். ஒன்றரை அடி ஆழத்தில், களிமண்ணுக்கு நடுவே, என் காசு முழுக்க ஒரு சிவப்புக் கோடாகக் கிடந்தது. ஊறிப்போன மண்ணுக்குச் சுமையைத் தாங்கும் பலம் இல்லை. அதன் மேல் எதைக் கொட்டினாலும் உள்ளேதான் இழுக்கும்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது தண்ணீரை விலக்குவது. பாதை வரப்போகும் இடத்தின் இரண்டு பக்கமும் ஒரு அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, பள்ளமான பக்கத்துக்குத் தண்ணீரை விடுங்கள். இதற்கு மண்வெட்டியும் இரண்டு ஆட்களும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் வளவுக்குள் மட்டும் திருப்பிவிடாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். பாதையை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மழை விடும் வரை டிப்பரை உள்ளே விடவே வேண்டாம். ஒழுங்கை ஓரத்தில் இறுகிய இடமாகப் பார்த்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பறிக்கச் சொல்லி, அங்கிருந்து லாண்ட் மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுங்கள். கூலி கூடத்தான் செய்யும். ஆனால் புதைந்த டிப்பரை இழுக்கிற செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. சீமெந்தையும் மொத்தமாக வாங்காமல், அந்தந்தக் கிழமை வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள்.

தை முடிந்து நிலம் இறுகியதும் பாதை வேலையைத் தொடங்குங்கள். வேரும் இலைச்சருகும் கலந்த மேல்மண்ணை ஆறு அங்குலம் வழித்தெடுக்க வேண்டும். அதை வீசிவிடாதீர்கள், வாழை வைக்க அருமையான மண். எங்கெங்கே மாரியில் புதைந்ததோ அந்த இடங்களில் மட்டும் நாலு முதல் ஆறு அங்குலக் கருங்கல்லைப் பரப்பி இறுக்குங்கள். அதன் மேல்தான் கிரவல். ஒரேயடியாகக் கொட்டிப் பரப்பக் கூடாது. மூன்று, நாலு அங்குலப் படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, பிறகு அடுத்த படை. பத்தடி அகலப் பாதைக்கு நடுப்பகுதி ஓரங்களைவிட இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் தானாகவே கானுக்குள் இறங்கிவிடும்.

வாசல் வாய்க்காலை மண் போட்டு மூடிவிடாதீர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் பகுதியில் அதை அடைத்தால் கீழேயுள்ள வயல்காரரின் போகம் போய்விடும். அந்த வாய்க்கால் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கமநல சேவை நிலையத்திலோ பிரதேச சபையிலோ கேட்டு, அனுமதி எடுத்து, ஹியூம் குழாய் (கொங்கிரீட் குழாய்) போடுங்கள். படலைத் தூணை வீட்டு வேலை முடிந்த பிறகே கட்டலாம். இப்போதே கட்டினால் டிப்பர் திரும்பும்போது இடிபடும். கட்டும்போது 12 அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள்.

கேள்வி: சரி, எத்தனை கியூப் வேண்டும்? டிப்பர்காரர் சொல்லும் கணக்கை எப்படி நம்புவது?

பதில்: ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் பாதை 150 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனம் என்றால் 750 கன அடி, அதாவது ஏழரை கியூப். ரோலர் ஓட்டும்போது அமுங்கும் என்பதால் கால்வாசி கூட்டி, ஏறக்குறைய ஒன்பதரை கியூப் என்று வையுங்கள். பத்து என்று அவர் சொன்னது பொய்யில்லை. சொன்ன காலம்தான் பிழை.

டிப்பரின் பெட்டியை நீங்களே அளக்கலாம். உட்புற நீளம், அகலம், கிரவல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் பிரியுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலப் பெட்டியில் கிரவல் 3 அடி உயரத்துக்கு நின்றால் 180 கன அடி. அதை இரண்டு கியூப் என்று விற்றால் ஒவ்வொரு லோட்டிலும் 20 கன அடிக்குச் சும்மா காசு கொடுக்கிறீர்கள். பறிக்கும் முன்பே அளவுநாடாவோடு நில்லுங்கள். பறித்த குவியலை அளந்து சண்டை பிடிப்பது வீண் வேலை.

தரத்தையும் பாருங்கள். உள்ளே இருப்பது தெரிகிற போத்தலில் அரைவாசிக்குக் கிரவலைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு இரவு வையுங்கள். கல்லும் மணலும் அடியில் படியும், களி மேலே நிற்கும். களிப்படை தடிப்பாக இருந்தால் அந்தக் கிரவல் அடுத்த மாரியில் மறுபடியும் சேறாகும். களியே இல்லாவிட்டாலும் கல் பிடிப்பில்லாமல் உருளும். கொஞ்சம் இருக்க வேண்டும்.

கேள்வி: டிப்பர் புதைந்தால் இழுவைச் செலவு யாருடையது?

பதில்: முன்கூட்டியே பேசாவிட்டால் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். "உள்ளே வந்து பறிப்பீர்களா, ஒழுங்கையிலா? புதைந்தால் யார் பொறுப்பு?" என்ற இரண்டையும் கேட்டு, விலையோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். சாரதி முதலில் இறங்கி நடந்து பாதையைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவரே ஓட்டி வந்து புதைந்தால், செலவைப் பாதியாகப் பங்கிடக் கேட்பது நியாயம்தான். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது விற்பவரின் கடமை. தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.