வாசகர் கேள்வி: கடன் பிரிவு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: மேட்ரிக் முடித்துவிட்டேன் அக்கா. டர்பனில் ஒரு கடன் நிறுவனத்தில், கடன் கேட்டு வருபவர்களை விசாரித்து விண்ணப்பம் எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. "வட்டிக்கடையில் உட்காரவா உன்னைப் படிக்கவைத்தேன்" என்று அப்பா கோபப்படுகிறார். போகட்டுமா வேண்டாமா?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: போ, தங்கச்சி. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த நிறுவனம் தென்னாப்பிரிக்காவின் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று பார்த்துவிடு. பதிவுச் சான்றிதழை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் அந்த இடம் வேண்டாம்.

அப்பா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. பென்ஷன் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, பணம் வரும் நாளில் தானே போய் எடுத்துக்கொள்கிற மஷோனிசாக்களை, அதாவது பதிவில்லாத கந்துவட்டிக்காரர்களை, நம் ஊரில் பார்க்காதவர் யார்? அப்படிக் கார்டைப் பிடித்து வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2005இல் வந்த தேசியக் கடன் சட்டம் 2007 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று விசாரிக்க வேண்டிய பொறுப்பை அது கொடுப்பவர் தலையில் வைத்தது. விசாரிக்காமல் கொடுத்தாலோ, கடனின் செலவும் ஆபத்தும் வாங்குபவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் கொடுத்தாலோ, அதைப் பொறுப்பற்ற கடன் என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்யலாம், நிறுத்தியும் வைக்கலாம். விசாரிக்கிற அந்த இடத்தில்தான் நீ உட்காரப் போகிறாய், இதை அப்பாவிடம் எடுத்துச் சொல்.

வேலை என்னவென்றால், மூன்று மாத பே ஸ்லிப், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், பீரோ ரிப்போர்ட் (ஒருவரின் பழைய கடன்களைப் பதிவு செய்து வைக்கும் நிறுவனம் தரும் அறிக்கை), அடையாள அட்டை இவற்றை வாங்கிச் சரிபார்ப்பது, அப்புறம் வரவு செலவு கேட்டு எழுதுவது. பே ஸ்லிப்பை விட ஸ்டேட்மென்ட்தான் அதிகம் பேசும். சம்பளம் விழுந்த மறுநாளே துணிக்கடை அக்கவுண்ட், பர்னிச்சர், இறுதிச் சடங்கு பாலிசி என்று டெபிட் ஆர்டர்கள் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணைகள்) வரிசையாகப் போயிருக்கும், சில பணமில்லாமல் திரும்பியும் வந்திருக்கும். ஸ்டேட்மென்ட்டில் தெரியாத செலவும் உண்டு, டாக்ஸிக்கு நாள்தோறும் கையில் கொடுப்பது, கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது, ஸ்டோக்வெல் என்கிற சேமிப்புக் குழுவுக்குக் கட்டுவது, இதெல்லாம் நீ பொறுமையாகக் கேட்டால்தான் வெளியே வரும். "சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்றால் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்வார்கள், "மாதக் கடைசி வாரம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்.

கணக்கையும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் வந்த உச்சவரம்புப்படி, 2,000 ராண்ட் குறுகிய காலக் கடனை ஒரு மாதத்துக்கு வாங்கினால் தொடக்கக் கட்டணம் 265, சேவைக் கட்டணம் 60, அந்த ஆண்டின் முதல் கடனாக இருந்தால் வட்டி 5 சதவீதம், அதாவது 100. ஆக 425 ராண்ட், கட்டணங்களுக்கு வாட் வரி தனி. அவசரத்தில் வந்தவருக்கு "5 சதவீதம்" மட்டும்தான் காதில் விழும், 425ஐ நீதான் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவும் வேண்டும், அதனால் டர்பனில் இந்த வேலைக்கு இசிசூலு (ஜூலு மொழி) கட்டாயம் என்றே வைத்துக்கொள். இதுவரை கற்கவில்லையென்றால் இன்றே தொடங்கிவிடு.

கேள்வி: இதே வேலையில்தான் இருக்கிறேன். டார்கெட் எட்டவில்லையென்றால் "செலவைக் கொஞ்சம் குறைத்துப் போடு, பாஸ் ஆகிவிடும்" என்கிறார் மேலாளர். வருபவர்களில் பாதிப் பேர் கோயிலில் பார்க்கிற முகங்கள். என்ன செய்வது?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: போடாதே தம்பி. அந்தத் தொகை உன் லாகினில்தான் பதிவாகிறது, நாளைக்கு விவகாரமானால் வாய்மொழியாகச் சொன்ன மேலாளர் சொல்லவே இல்லை என்பார். அவர் சொன்னதை ஈமெயிலில் எழுதி, இப்படிச் செய்ய வேண்டுமா என்று கேள், பெரும்பாலும் பதிலே வராது. மறுபடி வற்புறுத்தினால் ஆணையத்திடம் புகார் கொடுக்க வழி இருக்கிறது. பொய்க் கணக்கு எழுதி வேலை போனவரை இந்தத் துறையில் வேறு யாரும் சேர்ப்பது கடினம், அதையும் நினைத்துக்கொள். பொய்யான தொகையால் கடன் வாங்கிய குடும்பம் மூன்றாம் மாதம் மஷோனிசாவிடம் போய் நிற்கும், அந்தக் குடும்பத்தைத்தான் நீ கோயிலில் பார்ப்பாய்.

தெரிந்த முகம் வந்தால் ஃபைலைச் சக ஊழியரிடம் கொடுத்துவிடு. நீயே பார்க்க வேண்டி வந்தால், அவர் சம்பளம் என்ன, கடன் எவ்வளவு என்பது உன் மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது. இல்லை என்று சொல்ல வேண்டியவரை வெறுங்கையோடு அனுப்பாதே. காரணத்தை எழுத்தில் கேட்க அவருக்கு உரிமை உண்டு, ஒவ்வொரு பீரோவிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக ரிப்போர்ட் எடுக்கலாம், கடன் மேலே கடன் என்று மூழ்கியிருந்தால் பதிவு பெற்ற கடன் ஆலோசகரிடம் போகலாம். இதைச் சொல்ல உனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: இப்போது போனிலேயே கடன் கிடைக்கிறதே, மகனை இந்த வேலையில் விட்டால் முன்னேற்றம் இருக்குமா?
(வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: வெறுமனே தட்டச்சு செய்கிற வேலை குறையும் அம்மா, அதை மறைக்க வேண்டாம். ஸ்கோர் போடுவது கம்ப்யூட்டர்தான். ஆனால் வீட்டுக் கடன், சிறு கடை வைத்திருப்பவர், ஒழுங்கான பே ஸ்லிப் இல்லாதவர், இவர்களிடம் பேச இன்னும் ஆள் வேண்டும். இரண்டு மூன்று வருடம் கவுண்டரில் இருக்கட்டும். கடனோடு இன்சூரன்ஸும் விற்கிற இடமென்றால் ஆர்இ5 என்கிற நிதிச் சேவை ஒழுங்குமுறைத் தேர்வு கேட்பார்கள், அதை முடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் கடன் ஆய்வாளராகலாம், ஆணையம் ஏற்ற பயிற்சியை முடித்துக் கடன் ஆலோசகராகவும் போகலாம். மேட்ரிக் கணக்கில் தேறியிருந்தாலும் ஆட்களிடம் பொறுமையாகப் பேச வராத பிள்ளை என்றால் மட்டும் கணக்குப் பதிவுப் பக்கம் அனுப்புங்கள்.