போலந்து ஸ்பீட்வே வேலைக்கு நாலு இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: மகனுக்கு 22 வயது. களுவாஞ்சிகுடியில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். போலந்தில் நடக்கும் ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தய உலகக் கிண்ணத்துக்கு மெக்கானிக்காக எடுப்பதாகவும், இரண்டு வருட வேலை என்றும் ஒருவர் சொல்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாமாம். மகனின் கடவுச்சீட்டை அந்த ஆள் வாங்கி வைத்துக்கொண்டார், முற்பணம் நாலு இலட்சம் கேட்கிறார். வயலை ஈடு வைக்கலாமா?

பதில்: வயலைத் தொடாதீர்கள், அம்மா.

போட்டி உண்மையானது. ஆளை நம்பவைப்பதும் அதுதான். 2023இல் உலகக் கிண்ண இறுதி போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் நடந்து போலந்தே வென்றது. அடுத்த வருடம் 'ஸ்பீட்வே ஒஃப் நேஷன்ஸ்' என்ற நாடுகளுக்கிடையிலான போட்டி மான்செஸ்டரில் நடந்தது, பிரித்தானியா வென்றது. மகன் போனில் தேடிப் பார்த்திருப்பார், படமெல்லாம் வந்திருக்கும். ஆனால் இவை சில நாட்களில் முடிகிற போட்டிகள். ஒரு கிழமைப் போட்டிக்கு இரண்டு வருட வேலை எங்கிருந்து வரும்?

வண்டியும் வேறு சாதி. 500 சிசி, மெத்தனோலில் ஓடும், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. நாலு பேர் நாலு சுற்று ஓடி ஒரு நிமிடமளவில் முடித்துவிடுவார்கள். வீரர் தன் எஞ்சினின் குணம் தெரிந்த மெக்கானிக்கைத் தானே பார்த்து வைத்துக்கொள்வார். களுவாஞ்சிகுடிக்கு ஆள் அனுப்பித் தேடமாட்டார். மகனின் கைத்திறமையில் நான் குறை சொல்லவில்லை.

விசிட் விசா என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது உங்கள் மகன், தரகர் அல்ல. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உள்ள முகவர்தான் ஆள் சேர்க்கலாம். 'நான் கொழும்பு ஏஜென்சியின் ஆள்' என்பார்கள். ஏஜென்சியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் எழுதி வாங்கி, 1989க்கு அழைத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். அந்த வேலைக்கே அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏஜென்சி உண்மையாக இருந்து வேலை பொய்யாக இருப்பது நம் பக்கத்தில் புதிதல்ல.

ஒரு விலக்கு உண்டு. சொந்தக்காரர் யாராவது அங்கே ஒரு கராஜில் வேலை பார்த்துக் கொடுத்து, முதலாளி நேரடியாக ஒப்பந்தம் அனுப்பினால் முகவர் தேவையில்லை. அப்போதும் வேலை விசா வேண்டும், புறப்படுமுன் பணியகத்தில் பதிய வேண்டும். சொந்தக்காரர்தானே என்று பதியாமல் போகிறவர்கள் பலர். பிறகு சம்பளம் வராவிட்டால், விபத்தென்றால், பணியகத்தின் புத்தகத்தில் பெயரே இருக்காது. திரும்பச் சொல்கிறேன்: நேரடி வேலை என்றாலும் பதிவு வேண்டும்.

ஏமாந்த பிறகு முறைப்பாட்டோடு பத்தரமுல்லையிலுள்ள பணியகத்துக்கு இரவு பஸ் ஏறுகிறவர்களிடம் அங்கே முதலில் கேட்பது 'ரிசீட் எங்கே?' என்பதுதான். ரிசீட் கொடுக்கிற தரகர் ஏன் ஏமாற்றப்போகிறார்? இதை அங்கே யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

கடவுச்சீட்டை இன்றே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பொலிசில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியோடு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.