கொடியும் படிவமும்

ஐயா,
2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் போராட்டப் படங்களில் எரியும் காரும் மெக்சிகோ கொடியும்தான் கண்ணில் பட்டன. இப்படிப் போராடினால் குடியேறிகள் மேல் வெறுப்புதானே வளரும்? பேசாமல் இருப்பதே நல்லதில்லையா? என் தங்கை அங்கே கிரீன் கார்டில் இருக்கிறாள். எதிலும் தலையிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
மாலதி

அன்புள்ள மாலதி,

தங்கை மேல் உள்ள கவலை புரிகிறது. ஆனால் ‘பேசாமல் இருப்பதே நல்லது’ என்பதை ஏற்க மாட்டேன். அப்படிச் சொல்லத் தோன்றுவதே தவறு. 2005 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, ஆவணமின்றித் தங்கியிருப்பதையே கடுங்குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2006 மார்ச்சில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ எல்லையில் 700 மைல் வேலிக்குச் சட்டம் வந்தது என்பதும் உண்மைதான்.

கொடி விஷயம் புதிதல்ல. 1994 அக்டோபரில், ஆவணமற்றவர்களுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும், மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த கலிஃபோர்னியாவின் 187ஆம் முன்மொழிவை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸில் பெரும் ஊர்வலம் நடந்தது. மெக்சிகோ கொடிகள் டிவியை நிறைத்தன. நவம்பரில் முன்மொழிவு 59 சதவீத வாக்குடன் வென்றது. (பிறகு நீதிமன்றம் முடக்கியது.) 2006இல் அமெரிக்காவின் ஸ்பானிய மொழி வானொலிக்காரர்கள் பாடம் கற்றிருந்தார்கள்: வெள்ளைச் சட்டை போடு, அமெரிக்கக் கொடி பிடி. ஏப்ரல் 10 ஊர்வலங்களில் அந்தக் கொடிகள்தான் பெருகின. பார்ப்பவர் மனதில் அது உறுத்தலைக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் பலன். எரிகிற கார் பற்றி விவாதமே வேண்டாம், அது போராட்டத்துக்குக் கேடு.

எல்லோரும் கொடியோடு நின்றுவிடுகிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். ‘இன்று நடக்கிறோம், நாளை வாக்களிப்போம்’ என்பதுதான் 2006இன் முழக்கம். வாக்குக்குக் குடியுரிமை வேண்டும், குடியுரிமைக்கு என்-400 படிவம். 2007 நிதியாண்டில் ஏறத்தாழ 14 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. ஊர்வலம் மட்டும் காரணமல்ல. ஜூலை 30 முதல் படிவக் கட்டணம் 330 டாலரிலிருந்து 595 ஆனது, அதற்குள் போட்டுவிட ஓடினார்கள். ஆனால் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்களில் பலர் ஊர்வலத்தை ஏற்பாடு செய்த அதே சங்கத்தினர். அரசியல்வாதி குடியேறியைப் பற்றிப் பேசும் தொனியை மாற்றுவது, தொகுதியில் அவருக்கு இருக்கும் வாக்கு. கலிஃபோர்னியா அரசியல் குடியேறிகள் பக்கம் மாறியதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இந்த வேலை எங்கே கெடுகிறது தெரியுமா? ஓட்டுநர் உரிம அலுவலகத்தில். கவுண்டரில் நீட்டும் தாளில் ‘வாக்காளராகப் பதிய விருப்பமா’ என்று ஒரு கட்டம் இருக்கும். படிக்காமல் டிக் போட்டுக் கையெழுத்திட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாகிவிடும். என்-400 நேர்காணலில் அதே கேள்வி வரும். நாடுகடத்தல் வரை போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஊரில் வந்து தங்குவதும், பழைய கைது ஒன்றை ‘தள்ளுபடி ஆகிவிட்டதே’ என்று மறைப்பதும் விண்ணப்பத்தைக் கெடுக்கலாம்.

தங்கையிடம் தலையிடாதே என்று சொல்லாதீர்கள். கிரீன் கார்டு கிடைத்த தேதியைக் கேளுங்கள். ஐந்தாண்டு நிறைய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு வாழ்ந்தால் மூன்றாண்டு கணக்கு. அனுப்பும் முன் வெளிநாட்டுப் பயணத் தேதிகளை பாஸ்போர்ட் முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.