ரெக்கார்டர் கடிகாரம்: எப்படி வைப்பது, எவ்வளவு பிசகினால் பரவாயில்லை?

கேள்வி: பறவை, தவளைச் சத்தங்களைப் பதிவு செய்யும் குடிமக்கள் அறிவியல் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், கையில் ஒரு ஆடியோமாத் (மரத்தில் கட்டிவிட்டால் தானாகவே சத்தம் பதிவு செய்யும் சின்னக் கருவி) இருக்கிறது. மரத்தில் கட்டிவிட்டு வந்து பிறகு எடுத்துப் பார்த்தால் சில ஃபைல்களின் பெயர் 1970 என்று தொடங்குகிறது, மற்றவற்றில் நேரம் பல மணி தள்ளிக் காட்டுகிறது. யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் வைக்க வேண்டுமா, உள்ளூர் நேரத்திலா? நொடி சுத்தமாக இருக்க வேண்டுமா?

பதில்: 1970 விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கருவிக்குள் நேரம் என்பது 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஓடிய நொடிகளின் எண்ணிக்கைதான், அதனால் யாரும் நேரம் சொல்லிக் கொடுக்காத கருவி அந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். ஆடியோமாத்தின் சுவிட்சை டிஃபால்ட் பக்கம் தள்ளினால் கடிகாரம் செட் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது, உடனே பதிவைத் தொடங்கிவிடும். கஸ்டம் பக்கம் வைத்தால்தான் நீங்கள் கொடுத்த அட்டவணைப்படி ஓடும், அதற்கு நேரம் தெரிந்தாக வேண்டும். உங்கள் 1970 ஃபைல்கள் அநேகமாக டிஃபால்ட்டில் பதிவானவை. அவற்றை அழித்துவிடாதீர்கள். இடையில் பேட்டரி கழலாமல் இருந்திருந்தால் ஃபைல்களுக்கு இடைப்பட்ட நேரம் சரியாகத்தான் இருக்கும், சுவிட்சைத் தள்ளிய நேரம் எங்காவது குறித்திருந்தால் அதைக் கூட்டி மீட்டுவிடலாம்.

பல மணி தள்ளிக் காட்டுவது கோளாறே இல்லை. ஆடியோமாத் இயல்பாக யுடிசியில்தான் பெயர் வைக்கும்: 20240408_183000 என்றால் 2024 ஏப்ரல் 8, யுடிசி 18:30:00-க்குத் தொடங்கிய பதிவு. உங்கள் ஊர் நேரம் வேண்டுமானால் வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் கருவி பதிவு செய்த வேவ் (ஒலி) ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து தலைப்பகுதியைப் பாருங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே எத்தனை மணிக்குப் பதிவானது, எந்த நேர மண்டலம், பேட்டரி எத்தனை வோல்ட், வெப்பநிலை எவ்வளவு என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஃபைலின் பெயரை யாராவது மாற்றியிருந்தாலும் இந்த வரி மாறாது.

யுடிசியா உள்ளூர் நேரமா என்பதில் திட்டம் நடத்துபவர்கள் சொன்னதைச் செய்யுங்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்றால் என் ஓட்டு யுடிசிக்குத்தான். பல இடங்களிலிருந்து வரும் பதிவுகளை ஒன்றாக அடுக்கும்போது, ஒருவர் தன் நாட்டு வழக்கப்படி கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருப்பார், இன்னொருவர் மறந்திருப்பார், மூன்றாமவர் அரை மணி முக்கால் மணிக் கணக்கில் ஓடும் நேர மண்டலத்தில் இருப்பார். யுடிசி இந்தச் சிக்கல் எதற்குள்ளும் போகாது.

ஆனால் அட்டவணையில் கவனம் வேண்டும். விடியற்காலை 5 முதல் 7 வரை பதிவாக வேண்டும் என்று நினைத்து, யுடிசியில் ஓடும் கருவியில் அப்படியே 5 முதல் 7 என்று போட்டுவிட்டால், நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது நண்பகலிலோ நடுராத்திரியிலோ விழித்துக்கொள்ளும். ஃபைலின் மேல் ஒட்டிய நேரம் தவறு என்றால் பிறகு உட்கார்ந்து திருத்தலாம், பதிவே ஆகாத விடியலுக்கு எந்தத் திருத்தமும் கிடையாது. அதனால் நொடியைப் பற்றிக் கவலைப்படும் முன் மணியைச் சரிபாருங்கள்.

சரி, எப்படி வைப்பது? முதலில் பேட்டரியைப் போடுங்கள், நேரம் வைப்பது அதற்குப் பிறகுதான். பேட்டரி இல்லாமல் யுஎஸ்பி வயரில் ஓட்டி நேரத்தை வைத்துவிட்டு வயரைப் பிடுங்கினால் வைத்த நேரத்தை நம்ப முடியாது. பேட்டரி மாற்றும்போதும் இதே கதைதான். பழைய நேரம் நிற்கும் என்று எதிர்பார்க்காமல் மறுபடி வைத்துவிடுங்கள். சுவிட்ச் யுஎஸ்பி நிலையில் இருக்க, கணினியில் இணைத்து, ஆடியோமாத்துக்கான கான்ஃபிகரேஷன் செயலியையோ டைம் செயலியையோ திறந்து செட் செய்தால் முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, கருவிக்குப் போவது உங்கள் கணினியின் நேரம். பல நாளாக இணையம் பார்க்காத பழைய மடிக்கணினியைக் காட்டுக்குத் தூக்கிப் போய் அதிலிருந்து நேரம் வைத்தால் அதன் பிசகு அப்படியே கருவிக்கும் வந்துவிடும். கிளம்புமுன் இணையத்தில் இணைத்துக் கணினிக் கடிகாரத்தை ஒத்திசையுங்கள். கணினி இல்லாத இடத்தில் ஃபோன் போதும்: ஆடியோமாத் சைம் என்ற செயலி நேரத்தை ஒரு சின்ன இசைத்துணுக்காக ஒலிக்கும், கருவி அதைத் தன் மைக்கில் கேட்டுத் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்ளும். காற்றடிக்கும் இடத்தில் ஃபோனைக் கருவியோடு ஒட்டிப் பிடித்து, சத்தத்தை ஏற்றிக் கொள்ளுங்கள்.

கையடக்க ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை, மெனுவில் தேதியும் நேரமும் தட்டினால் போதும். ஆனால் கணினி காட்டும் 'மாற்றிய நேரம்' என்பதைப் பதிவு தொடங்கிய நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது பதிவு முடிந்த நேரம், அதுவும் ஃபேட் என்ற சேமிப்பு முறையில் ஃபார்மேட் செய்த மெமரி கார்டில் இரண்டு நொடிக்கு ஒரு படியாகத்தான் குறிக்கப்படும், நேர மண்டலம் என்ற பேச்சே அதில் கிடையாது.

இப்போது நொடிக் கணக்கு. எந்த நேரம் எந்தப் பறவை கூவியது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் முன்பின் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. குறிப்பிட்ட ஒரு நிகழ்வைத் தொடர்ந்து பதிவு செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. 2024 ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணத்தின்போது நாசா ஆதரவுடன் நடந்த எக்லிப்ஸ் சவுண்ட்ஸ்கேப்ஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஆடியோமாத் வைத்துத்தான் பூச்சிகள், பறவைகளின் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். அன்று முழு இருட்டு அதிகபட்சமாக நீடித்ததே 4 நிமிடம் 28 நொடிதான், கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினால் சிள்வண்டு இருட்டில் பாடியதா வெளிச்சத்தில் பாடியதா என்றே சொல்ல முடியாது. பல கருவிகளை வைத்துச் சத்தம் வந்த இடத்தைக் கணக்கிடுவது இன்னும் ஒரு படி மேலே. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆக நூறில் ஒரு பங்கு நொடி பிசகினாலே மூன்று மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அதற்கு ஜிபிஎஸ் இணைத்த கருவிதான் வேண்டும், கையால் வைக்கும் நேரம் ஆகாது.

அப்புறம், எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் கடிகாரம் நகரும். உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். சாதாரணப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக ஓடும், கடுங்குளிரானாலும் கடும் வெயிலானாலும் இரண்டிலுமே மெதுவாகிவிடும்.

ஆகவே நேரத்தை வைத்ததோடு விடாமல், வைக்கும் அன்றும் எடுக்கும் அன்றும் ஒரு அடையாளம் பதிவு செய்யுங்கள். பதிவு ஓடும்போது ஃபோனில் நொடியோடு நேரம் பார்த்து, அதை வாய்விட்டுச் சொல்லி, சொன்ன நொடியில் ஒரு கைதட்டு. உதாரணத்துக்கு, வைத்த அன்று பிசகு எதுவும் இல்லை. 28 நாள் கழித்து ஃபோன் 05:41:30 காட்டும்போது தட்டுகிறீர்கள். வீட்டுக்கு வந்து ஃபைலை ஒலி அலையாகத் திறந்தால், 05:42:00 என்று பெயர் கொண்ட ஃபைலில் 12.4 நொடி தள்ளி ஊசி மாதிரி ஒரு கோடு நிற்கிறது, அதுதான் உங்கள் கைதட்டு. கருவியின் கணக்கில் அது 05:42:12.4, அதாவது 42.4 நொடி வேகம், நாளுக்குச் சுமார் ஒன்றரை நொடி. பத்தாம் நாள் பதிவிலிருந்து 15 நொடியைக் கழித்துக்கொண்டால் பெரும்பாலான வேலைக்கு அது போதும். கடிகாரம் பிசகியிருக்கிறதே என்று வருத்தப்படத் தேவையில்லை, எவ்வளவு பிசகு என்று தெரிந்த கடிகாரம் பார்க்க அழகாக இருந்து சோதிக்கப்படாத கடிகாரத்தைவிட எனக்கு மேல்.

திருத்தத்தை ஃபைல் பெயரில் செய்யாதீர்கள். பாதி மாற்றி பாதி விட்டுவிட்டால் பிறகு எது அசல் என்று யாருக்கும் தெரியாது. அசல் ஃபைல்கள் அப்படியே இருக்கட்டும், கூடவே ஒரு தாளில் அல்லது விரிதாளில் கருவி எண், எந்த நேர மண்டலம், நேரம் வைத்த வழி, இரண்டு கைதட்டுகளின் உண்மை நேரம், கருவி காட்டிய நேரம் என்று எழுதிப் பதிவுகளோடு சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பழைய பதிவுகளில் கைதட்டு இருக்காது. ஆனால் எடுத்த அன்று நீங்கள் மரத்தடியில் நின்று பேசிய குரலோ, கருவியைக் கழற்றிய சத்தமோ, அப்போது பதிவு ஓடிக்கொண்டிருந்தால், கடைசி ஃபைலில் இருக்கும், அந்த நேரத்தில் ஃபோனில் ஒரு படம் எடுத்திருந்தால் அதன் நேரத்தை வைத்தே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம்.