நாயோடு விமானம் ஏறும் முன்: நீலகிரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

குன்னூரில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வளர்ப்பு நாயை விமானத்தில் கூடவே உட்காரவைத்துக் கூட்டிப்போவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்க ஸ்பிட்ஸ் ஐந்தரை கிலோ. கோவையிலிருந்து சென்னைக்குப் பைக்குள்ள வெச்சுக் கூட்டிட்டுப் போலாமா அக்கா? (கோத்தகிரி)

பையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள் தம்பி, விமான நிறுவனம் கேட்பது அந்த எடையைத்தான். ஆகாசா ஏர் 2022-இல் நாய்களை ஏற்றத் தொடங்கியபோது பையோடு ஏழு கிலோ என்று வைத்தது. ஏர் இந்தியாவும் ஏற்றுகிறது. வரம்பு அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் போனில் கேட்டு, நாய்க்கு இடம் உண்டு என்று உறுதி வாங்குங்கள். ஒரு விமானத்தில் ஓரிரு நாய்களுக்கு மேல் விடமாட்டார்கள். கோவையில் அதிகம் பறப்பது இண்டிகோ. அதில் ஊனமுற்றோருக்குத் துணையாகப் பழக்கிய நாய்க்கு மட்டும்தான் அனுமதி. சென்னை வரைதான் பயணம் என்றால், ரயிலில் முதல் வகுப்பு கூபே (இருவர் தங்கும் தனி அறை) முழுதாகக் கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

அவ்வளவு உயரத்துல எங்க மணிக்கு மூச்சு முட்டுமா டாக்டர்? (ஊட்டி)

முட்டாதும்மா. விமானம் எவ்வளவு மேலே போனாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படும். ஊட்டியே ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். மணி தினமும் இருக்கும் காற்றுதான் அது.

நான் பயப்படுவது அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு. குன்னூர் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காது அடைக்கும், குமட்டும். மேட்டுப்பாளையம் வந்ததும் வெயில் முகத்தில் அடிக்கும். குளிருக்கு அடர்ந்த முடி வளர்த்த நாய், ஏப்ரல் மாதத்தில் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டின் வெயிலில் நிற்பதுதான் ஆபத்து. விடியற்காலையில் இறங்குங்கள், இல்லையென்றால் முந்தின நாளே கோவைக்குப் போய்த் தங்குங்கள். டீ குடிக்க இறங்கினாலும் நாயைப் பூட்டிய காரில் விடாதீர்கள். நாக்கைத் தொங்கப்போட்டு விடாமல் இரைத்தால், எச்சில் கெட்டியானால், ஈறு கருஞ்சிவப்பானால், வயிற்றையும் பாதத்தையும் தண்ணீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். விமானம் போனால் போகட்டும்.

தூங்க மாத்திரை எழுதித் தருவீங்களா? (கூடலூர்)

தரமாட்டேன். மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். சோர்ந்து கிடக்கும் நாயை விமான நிறுவனமே திருப்பி அனுப்பலாம். வாந்திதான் தொல்லை என்றால் அதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, அது மயக்காது. நேரில் கூட்டிவாருங்கள். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன் அரை வயிறு சாப்பாடு போதும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பைக்குள்ள போட்டா கத்திக் கூப்பாடு போடுது. என்ன செய்ய? (அரவங்காடு)

பயணத்துக்கு முந்தின வாரம் வாங்கிய பையாக இருக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி, ஜிப்பைத் திறந்தபடி வீட்டு மூலையில் போட்டுவையுங்கள். உங்கள் பழைய புடவை ஒன்றை உள்ளே விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் பக்கத்தில் வையுங்கள், பிறகு உள்ளே. தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் ஜிப்பை மூட வேண்டும், அதுவும் முதலில் ஓரிரு நிமிடம். அடுத்து பையோடு காரில் வெலிங்டன் வரை ஒரு சுற்று. உள்ளே எழுந்து நிற்க, திரும்ப, படுக்க இடம் வேண்டும். விமானத்தில் உங்களுக்கு முன் இருக்கும் சீட்டுக்கு அடியிலும் பை நுழைய வேண்டும். இரண்டும் ஒத்துவராத நாயைத் திணித்துக் கொண்டுபோவது கொடுமை.

பக் நாய்? (குன்னூர்)

சப்பை மூக்கு நாய்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு இழுக்கும். நான் பறக்க வேண்டாம் என்பேன். பல நிறுவனங்களும் ஏற்றுவதில்லை.

வீட்டை விட்டே போகாத குட்டி. ஊசி கட்டாயமா? (குன்னூர்)

கட்டாயம். வெறிநோய் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருக்கும் ஊர் நம்முடையது. வெறிநோய் ஊசியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் ஊசி என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி மருந்தின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையும், பறக்கத் தகுதி என்ற மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்று எத்தனை நாள் செல்லும் என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

மகன் ஜெர்மனியில் இருக்கான். ஜூனோவையும் கூட்டிட்டு வரச் சொல்றான். ரெண்டு மாசம் போதுமா? (ஊட்டி)

போதாது ஐயா. முதலில் தோலுக்கடியில் வைக்கும் பதினைந்து இலக்க அடையாள மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநோய் ஊசி. ஊசி போட்டு முப்பது நாளாவது ஆன பின் இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்துதான். கிளம்பும் முன் சென்னை அல்லது பெங்களூரு விலங்கு குவாரன்டைன் அலுவலகத்தில் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டியில என்ன பண்ணுவாங்க? (கேத்தி)

பை மட்டும் எக்ஸ்ரேயில் போகும். நாய் போகாது, நீங்கள் கையில் ஏந்தி நடக்க வேண்டும். கைநழுவி நாய் ஓடுவது பெரும்பாலும் அங்கேதான். இரும்பு வளையம் இல்லாத துணிப் பட்டையை மார்போடு மாட்டுங்கள். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்ட பிறகு பையின் ஜிப்பைத் திறங்கள்.