சிவப்பு மையில் ஒரு சொல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கணித ஆசிரியை. வயது 41. சென்ற மாதம் எங்கள் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. எடை பார்த்த பெண், மூன்று மேசை தள்ளி எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்பதற்காக ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொன்னார். எனக்கு "அறுபத்து நான்கு" என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் உயரம் 157 செ.மீ. கையில் தந்த சீட்டில் 'பி.எம்.ஐ. 26 – உடல் பருமன்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து இரவில் சாப்பிடுவதில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் இப்போது இரண்டாவது தோசை வேண்டாம் என்கிறாள். உடலை உள்ளபடி ஏற்றுக்கொள் என்கிறார்கள் சிலர். பருமன் ஒரு நோய் என்கிறார்கள் வேறு சிலர். ஏற்றுக்கொண்டால் ஆரோக்கியத்தைக் கைவிட்டதாக ஆகிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் இன்று இரவு சாப்பிடுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களைச் சுட்ட அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830களில் முன்வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) என்ற இன்றைய பெயரைக் கொடுத்தபோதும், பெருந்திரளான மக்களை ஆராய்வதற்கான கருவியாகத்தான் கருதினார். ஒரு தனி மனுஷியின் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது.

எல்லைக்கோடுகளும் மாறிக்கொண்டே வந்தவை. அமெரிக்காவில் 1998இல் அதிக எடைக்கான கோட்டை 25க்கு இறக்கினார்கள். யாருக்கும் ஒரு கிராம் கூடவில்லை, ஆனால் கோடிக்கணக்கானவர்கள் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் உங்கள் 26 'அதிக எடை' மட்டுமே. பருமன் அங்கே 30இல்தான் தொடங்குகிறது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்துக்கொண்ட அளவுகோலில் 25லேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் உங்கள் சீட்டில் அந்தச் சொல் ஏறியது.

ஆகவே சீட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தியக் கோடு கீழே இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2 சதவீதம். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது, நீரிழிவும் சீக்கிரம் வருகிறது. அந்த முகாமில் 'இயல்பு' என்று எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போன ஒல்லியான ஆசிரியருக்கும் இது பொருந்தும். அவரை யாராவது எச்சரித்தார்களா?

ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபடி அளந்து பாருங்கள். கொசுவம் செருகும் இடம் பெரும்பாலும் கீழே போய்விடும், அங்கே அளக்க வேண்டாம். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது கவனிக்க வேண்டிய எல்லை. இதையும் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்த முடிவுகளையும் சேர்த்து ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். எடை திடீரென்று கூடியிருந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் லான்செட் நிபுணர் குழு, பருமனால் உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நிலையையும், பாதிப்பு இல்லாமல் ஆபத்து மட்டும் கூடியிருக்கும் நிலையையும் தனித்தனியாகப் பிரித்தது. எத்தனையோ பேரை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்ததைப் பார்க்கும்போது இது மிகவும் தாமதமாக வந்த நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ஏற்றுக்கொள்வது கைவிடுவது ஆகிவிடாதா என்கிறீர்கள். நான் பார்த்தவரை கைவிடுகிறவர்கள் வெட்கப்படுகிறவர்கள்தான். எடை மேடைக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாத பெண்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி என்று போனால் பரிசோதிக்காமலேயே "முதலில் எடையைக் குறையுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி நேர்ந்தால், "ஒல்லியான ஒருவர் இதே வலியோடு வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்களோ அதை எனக்கும் செய்யுங்கள்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும். இளைத்த பிறகுதான் நல்ல புடவை, இளைத்த பிறகுதான் புகைப்படம் என்று தள்ளிப்போடாமல் இருப்பதும் இந்த உடலுக்கு நாம் தர வேண்டிய மரியாதைதான்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால், எடை பெரிதாக அசையாவிட்டாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீராகும். நாற்பதுக்குப் பிறகு தசை குறையத் தொடங்குவதால் வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து சுண்டல், முட்டை, மீன், கீரைக்கு இடம் கொடுங்கள். பட்டினி மட்டும் வேண்டாம். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும், எடையும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

மகள் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவளுக்கு இது வளரும் பருவம். இந்த வயதில் எடை கூடத்தான் வேண்டும். பெரியவர்களின் கோடுகள் குழந்தைகளுக்குப் பொருந்தாது. அவள் முன்னால் உங்கள் எடையையோ பக்கத்து வீட்டுக்காரர் எடையையோ பேசாதீர்கள். சாப்பிடாமல் இருந்தது தவறு என்று அவளிடமே சொல்லுங்கள். அவள் தொடர்ந்து உணவைத் தவிர்த்தால் காலம் தாழ்த்தாமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த முகாமுக்கு முன்பே தலைமையாசிரியரைப் பாருங்கள். எடை பார்க்கும் இடத்தை ஒரு திரையால் மறைக்க வேண்டும், எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும், இடுப்பையும் அளக்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால், எல்லோர் முன்னிலையிலும் எடை மேடையில் ஏற மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்புடன்