மாட்டுக்கால் பார்த்த கண்ணுக்கு நாய்ப் பந்தயம் பிடிபடுமா?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன். ரேக்ளா பார்த்தே வளர்ந்தவன். காளை நடந்து வருவதைப் பார்த்தே அதன் ஓட்டத்தைச் சொல்லிவிடுவேன். மகளும் மாப்பிள்ளையும் லண்டன் இல்ஃபோர்டில் இருக்கிறார்கள். வைகாசியில் நானும் வீட்டம்மாவும் அங்கே போகிறோம். அருகில் நடக்கும் நாய்ப் பந்தயத்துக்குக் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். அங்கே பணம் கட்டுவது எப்படி? என் கண் உதவுமா? தோட்டத்துக்கு வரும் பையன் ஒருவன், அதே பந்தயத்துக்கு இங்கிருந்தே போனில் கட்டலாம் என்கிறான். போவதற்கு முன் அதில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாமா?
- காங்கேயம் வாசகர்

பதில்:

மாப்பிள்ளையோடு மைதானத்துக்குத் தாராளமாகப் போங்கள் ஐயா. போனில் மட்டும் கட்டாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நாய்.

இல்ஃபோர்டிலிருந்து ரயிலில் நான்காவது நிறுத்தம் ரோம்ஃபோர்டு. அங்குள்ள மைதானத்தைத்தான் மாப்பிள்ளை சொல்லியிருப்பார். பொம்மை முயலை விட்டு கிரேஹவுண்டு நாய்களைத் துரத்தவைக்கும் இந்தப் பந்தயம், இங்கிலாந்தில் 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வியூ மைதானத்தில் தொடங்கியது. பந்தயத்துக்கு ஆறு நாய்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கூண்டிலிருந்து கிளம்பும். ஒன்றாம் கூண்டு நாய்க்குச் சிவப்புச் சட்டை, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறாவதற்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. ரோம்ஃபோர்டின் வழக்கமான தூரம் 400 மீட்டர். இருபத்தைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ரேக்ளாவில் 200 மீட்டரோ 300 மீட்டரோ, கடிகாரம்தான் நடுவர். குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிய வண்டிக்குப் பரிசு. நாய்ப் பந்தயத்தில் ஆறும் ஒரே பாதையில், ஒரே வளைவுக்குள் ஒன்றாகப் பாய்கின்றன. நல்ல நேரம் எடுத்த நாய் முதல் வளைவில் இடிபட்டு நான்காவதாக வரும். சுமாரான நாய் முன்னால் தப்பித்துக்கொண்டு ஜெயித்துவிடும். அதனால் எந்த நாய் வேகமானது என்று மட்டும் பார்த்தால் போதாது. முதல் வளைவை எது முதலில், தடங்கலில்லாமல் எட்டும் என்றும் பார்க்க வேண்டும். ரோம்ஃபோர்டு மாதிரி வளைவுகள் நெருக்கமான மைதானத்தில் இது இன்னும் முக்கியம்.

இதற்கான விடை நுழைவாயிலில் கிடைக்கும் பந்தய அட்டையில் பெருமளவு இருக்கிறது. ஒவ்வொரு நாயும் கடைசியாக ஓடிய சில பந்தயங்களில் எந்தக் கூண்டிலிருந்து கிளம்பியது, முதல் பகுதியை எத்தனை விநாடியில் கடந்தது, எந்த இடத்தில் வந்தது, வழியில் என்ன ஆனது என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். கூண்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியது, வளைவில் நெருக்கப்பட்டது, மோதியது, கடைசியில் மீண்டு வந்தது என்பதெல்லாம் சுருக்கெழுத்தாக இருக்கும். மாப்பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்காவது, ஐந்தாவது என்றே வந்துகொண்டிருக்கும் நாயைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். உள்வேலியை ஒட்டியே ஓடும் பழக்கமுள்ள நாய் நடுக்கூண்டில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் நசுங்கியிருக்கலாம். இன்று அதற்கு உள்வேலியை ஒட்டிய ஒன்றாம் கூண்டு கிடைத்திருந்தால் கதை வேறு. அட்டையில் நாயின் தரமும் இருக்கும். ஏ1 தான் உச்சம். எண் கூடக்கூடத் தரம் இறங்கும். ஏ4 இல் தோற்றுவந்த நாய் இன்று ஏ6 இல் ஓடினால், எதிரே ஓடுபவை முன்னைவிடச் சுமாரானவை என்று பொருள்.

உங்கள் கண்ணுக்கு வருவோம். பந்தயத்துக்கு முன் நாய்களை நடத்திக் காட்டுவார்கள். நடையில் பிசகு இருந்தால் உங்களுக்குத் தெரியும்தான். ஆனால் அதற்கு முன்பே கால்நடை மருத்துவர் பார்த்திருப்பார். எடையும் போட்டிருப்பார்கள், கடைசி ஓட்டத்தில் இருந்த எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் நாயை ஓடவிட மாட்டார்கள். ஆகவே கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் முன்பே வடிகட்டப்பட்டுவிடும். மீதி நுணுக்கம், சட்டை போட்ட நாயை இரண்டு நிமிடம் பார்ப்பதில் பிடிபடாது. சுழி பார்க்கவும் வழியில்லை!

பணக் கணக்குதான் எல்லோரும் சறுக்கும் இடம். கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவீர்கள். மாட்டின் விலை வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் மட்டும் தெரியும். நாய்ப் பந்தயத்தில், பணம் வாங்கிக்கொண்டு பந்தயம் பிடிப்பவரின் பலகையிலேயே ஒவ்வொரு நாயின் விலையும் எழுதியிருக்கிறது. 5க்கு 2 என்றிருந்தால், இரண்டு பவுன் கட்டி ஜெயித்தால் ஐந்து பவுன் லாபமும் கட்டிய இரண்டும் சேர்த்து ஏழு கிடைக்கும். ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தரகு அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஆறு நாய்களின் விலை 2க்கு 1, 3க்கு 1, 7க்கு 2, 5க்கு 1, 6க்கு 1, 10க்கு 1 என்று இருக்கட்டும். எந்த நாய் வென்றாலும் கையில் 100 பவுன் வர வேண்டுமென்று ஆறின் மீதும் கட்டுகிறீர்கள். முதல் நாய்க்கு 33.33, அடுத்ததற்கு 25, பிறகு 22.22, 16.67, 14.29, 9.09. கூட்டினால் 120.60 பவுன். அதாவது 120 கொடுத்து 100 வாங்குகிறீர்கள். அந்த இருபது சொச்சம் பந்தயம் பிடிப்பவரின் பங்கு. நாயைச் சரியாகக் கணிப்பது பெரிய காரியமில்லை. அந்த இருபதையும் தாண்டும் அளவுக்குச் சரியாகக் கணிக்க வேண்டும். மாலை முழுக்க, ஏறக்குறைய கால் மணிக்கு ஒரு பந்தயமாக, இதைச் செய்து ஜெயிப்பவர்கள் மிகக் குறைவு.

டோட் என்ற கவுண்டர் இன்னொரு வழி. எல்லோர் பணத்தையும் ஒரே குவியலாக்கி, நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். புதிதாகப் போகிறவருக்கு இது சுலபம்: கூண்டு எண்ணும் தொகையும் சொன்னால் போதும். 'வின்' கட்டுங்கள், அல்லது முதல் இரண்டு இடத்துக்குள் வந்தாலே கிடைக்கும் 'பிளேஸ்' கட்டுங்கள். முதல் இரண்டையும் வரிசை மாறாமல் சொல்லும் ஃபோர்காஸ்டில் 30 விதம் உண்டு. முதல் மூன்றையும் சொல்லும் டிரைகாஸ்டில் 120 விதம். பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைத்த பெரிய தொகையைப் பார்த்து அதில் இறங்க வேண்டாம்.

அன்று மாலை இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வீட்டம்மாவின் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். கேளிக்கைச் செலவு என்று நினைத்துக் கட்டினால் தோற்றாலும் வலிக்காது. எனக்கு நாய்ப் பந்தயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. வளைவில் விழும் நாய்களின் கால் முறிவுதான் காரணம். நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் வேல்ஸ் அரசு 2025 இலும் இதற்குத் தடை அறிவித்ததும் இந்தக் கவலையால்தான். மாட்டை வளர்த்த உங்களுக்கு அங்கே மனம் ஒப்பவில்லை என்றால், கட்டாமலே திரும்பி வருவதிலும் தவறில்லை.

இனி அந்தப் பையனின் யோசனை. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, கட்டி ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் சூதாட்டமல்ல, திறமை ஆட்டம் என்று சொன்னது குதிரைப் பந்தயத்தை. அந்தத் தீர்ப்பை நாய்க்கு நீட்ட முடியாது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். செயலியில் போட்ட பணம் ஜெயித்தும் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பையனுக்கும் இதைச் சொல்லுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று யாராவது அவனைப் பிடித்திருக்கலாம்.

பழகத்தான் வேண்டுமென்றால் பணமே வேண்டாம். ரோம்ஃபோர்டின் பந்தய அட்டைகளும் முடிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பந்தயத்துக்கு முன் உங்கள் நாயையும் அதன் விலையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் கட்டியதாகக் கணக்கு வைத்துக்கொண்டு, வைகாசி வரும்போது கூட்டிப் பாருங்கள். அந்த நோட்டை விமானத்தில் மறக்காமல் எடுத்துப்போங்கள், மாப்பிள்ளைக்கும் உதவும்.